ஓங்கலைச் சொன்னவர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்திலேயே அதற்குப் பெயர் வாங்கியவன். அந்தக் கையெழுத்தால் நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஒரு யோக்கியமான மனிதரைத் திண்டிவனம் கோர்ட்டு வாசலில் உட்காரவைத்ததைத்தான் சொல்ல வேண்டும். அதை இத்தனை வருஷம் வெளியில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு விழுப்புரத்தில், நிலம் திருவாமாத்தூர்ப் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவோம், மழை பார்த்துக் கேப்பை போடுவோம். படித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்குத் திண்டிவனத்தில் ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. மாடியில் ஒரே ஒரு அறைதான் ஆபீஸ். அதில் ஓர் அதிகாரி, கதவு சாத்தாத ஒரு பீரோ, நான். மரக்காணம் பக்கத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போய் என்ன மீன் விழுகிறது, எந்த வலையில் விழுகிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். அதுவரை கடலைப் பாண்டிச்சேரியில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பியவன்.

காலை ரயிலில் திண்டிவனம், அங்கிருந்து மரக்காணம் பஸ். பெருமுக்கல் மலையைத் தாண்டி உப்பளம் கண்ணில் படும்போது சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பஸ் நின்ற இடத்திலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக நடந்தால் ஊர். ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு என்னால் நடந்தது போதும்.

போன முதல் வாரம் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியவர் ஒருவர்தான். நாற்பது வயது இருக்கும். கட்டுமரக்காரர். காது மடலில் ஒரு பழைய வெட்டு. நான் காரைப்பொடியைப் பார்த்து "இது என்ன மீன்?" என்று கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இன்னா சார், மீனக் கணக்கெடுக்க வந்துட்டு மீனோட பேர எங்கள கேக்கறீங்க?" என்றார். "வெவசாயக் குடும்பமா? அப்ப சரி. மல்லாட்டைய எங்கிட்டக் குடுத்தா நானும் அப்படித்தான் முழிப்பேன்."

அவரை நான் அண்ணே என்றேன். அவர் மனைவியை அண்ணி என்றேன். அண்ணி கூடையில் மீன் எடுத்துக்கொண்டு திண்டிவனம் வரை போய் விற்பார். நான் போகிற நாளெல்லாம் அவர்கள் வீட்டில்தான் மத்தியானச் சோறு. வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். நானும் ரொம்ப வற்புறுத்தி மறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை அண்ணனின் கட்டுமரம் கரை தட்டியபோது வழக்கமான கூச்சல் எழவில்லை. நாலு பேர் சேர்ந்து சாம்பல் நிறத்தில், மனிதர் உயரத்துக்கு ஒன்றை மணலில் இழுத்து வந்து அம்மன் கோயிலுக்கு எதிரே கிடத்தினார்கள். ஓங்கல். புத்தகத்தில் டால்பின் என்று படித்தவர்களுக்காகச் சொல்கிறேன், அங்கே அதற்குப் பெயர் ஓங்கல். அதன் வாய் சிரிக்கிற மாதிரி இருந்தது.

ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அவர் வந்தார். அண்ணன் ஈர வேட்டியோடு கோயிலைப் பார்த்து நின்றார். நாட்டார் கேட்டது மூன்றே கேள்வி. எந்த இடம்? எத்தனை பாகம் ஆழம்? என்ன வலை?

"பெருமுக்கல் மல நம்ம பனந்தோப்புக்கு நேரா வர்ற எடம்," என்றார் அண்ணன். "ஒம்போது பாகம். வஞ்சிர வலை. சாயந்தரம் வுட்டுட்டு வந்தேன். வெடியக்கால வலிக்கச் சொல்ல செத்துக் கெடந்துச்சு."

அவ்வளவுதான். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மணலில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அன்றிலிருந்து அடுத்த அமாவாசை வரை அந்த இடத்தில் யாரும் பெரிய வலை விடக்கூடாது. ஓங்கல் விழுந்த வலை மூன்று நாள் கரையில் கிடக்க வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு கட்டுப்பாடு உண்டு: ஓங்கலைச் சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை ஏசக்கூடாது. ஒரு தரம் எவனோ கேலி பேசினான் என்று அவன் வலையை அவன் தலையிலேயே வைத்துக் கோயிலைச் சுற்றவிட்டார்களாம். வலை என்ன, லேசில் தூக்குகிற கனமா அது.

சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டேன், ஏசாமல் விட்டால் பயம் விட்டுப் போகாதா என்று. நமக்குத்தான் எதற்கும் தண்டனை வேண்டுமே.

"அது நம்மள மாதிரி சார்," என்றார். "காத்து வாங்க மேல வரணும். வலையில மாட்டிக்கினா மூச்சு முட்டிப் பூடும். வேணும்னு எவனும் புடிக்கறது இல்ல. புடிச்சா இன்னா லாபம்? வலதான் நாசம். எங்க வுழுந்துச்சுன்னு ஒருத்தன் சொன்னாதான் மத்தவன் அங்க போவாம இருப்பான். சொன்னவன ஏசினா அடுத்த வாட்டி எவன் சொல்லுவான்?"

படித்தவன் நான். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். மண்டையில் ஏறவில்லை.

அவருடைய அப்பா காலத்தில் எப்போதாவதுதான் ஓங்கல் விழுமாம். பருத்தி நூல் வலையை அது அறுத்துக்கொண்டு போய்விடும். நைலான் வலை வந்தது, நீளம் கூடியது, அந்தத் தையிலும் மாசியிலும் நானே நாலு ஓங்கலை மணலில் பார்த்தேன். ஒன்று குட்டி. அதைக் கிடத்தியபோது அண்ணி கோயில் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

அண்ணனுக்கு ஒரு எண்ணம் இருந்தது. தை, மாசி இரண்டு மாதமும் ஓங்கல் கூட்டம் அந்தப் பக்கமாகப் போகிற காலம். அந்த இரண்டு மாதம் மட்டும் வஞ்சிர வலையைக் கரையில் வைத்துவிட்டு, சின்னக் கண்ணி வலையோடு கவலை என்கிற சின்ன மீனைப் பிடித்துக்கொண்டால் என்ன? ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டார். சிலர் முணுமுணுத்தார்கள். நாட்டார் மறுக்கவில்லை.

"இந்த வருசம் போவட்டும்," என்றார். "அடுத்த வருசமும் இதே மாதிரி வுழுந்துச்சுன்னு அவனவன் வாயால சொல்லட்டும். சொன்னா, வலைய நிறுத்திடலாம். ஊரே ஒத்துக்கும்."

கூட்டத்தில் எனக்கும் ஒரு ஓரம் கொடுத்திருந்தார்கள். இந்த மனிதருக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும், மேலே எழுதினால் சர்க்காரே உத்தரவு போடும், இந்த ஊர் மட்டும் இல்லை, கடற்கரை முழுக்க இரண்டு மாதம் பெரிய வலை நிற்கும் என்று நினைத்தேன். கூடவே இன்னொன்றும் நினைத்தேன். இப்படி ஒரு அறிக்கை கொடுத்தால் என் வேலையை நிரந்தரம் ஆக்குவார்கள். எது முதலில் தோன்றியது என்று என்னை இப்போது கேட்காதீர்கள்.

ஆபீசில் தந்த படிவத்தில் ஓங்கலுக்கு இடமே இல்லை. நானாகத் தனித்தாள் எடுத்து, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கட்டம் போட்டேன். நாள், இடம், ஆழம், வலை. நாலு கட்டம் போட்ட பிறகும் வலது பக்கம் இடம் மீந்தது. வெறுமையாக விட்டால் பார்க்க நன்றாக இல்லை. அதில் ‘வலைக்காரர் பெயர்’ என்று ஐந்தாவது கட்டம் போட்டேன். நாலு ஓங்கலுக்கு நாலு பெயர். அண்ணன் பெயரை முதல் வரியில் எழுதினேன். முத்து முத்தாக இருந்தது.

அதிகாரி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்னய்யா, அச்சடிச்ச மாதிரி இருக்கு," என்றார். மேலே அனுப்பினார். மேலே போனது அங்கிருந்து பக்கவாட்டில் எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

பங்குனியில் ஒரு காலை மரக்காணத்தில் பஸ் விட்டு இறங்கினேன். அண்ணி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கையில் கூடை இல்லை.

முந்தின நாள் மத்தியானம் ஜீப்பில் காக்கி உடுப்பு போட்ட வனத்துறை ஆட்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். கையில் டைப் அடித்த ஒரு தாள். முதல் பெயரைப் படித்தார்கள். மற்ற மூன்று பேரும் கடலில் இருந்தார்கள், விஷயம் தெரிந்து அப்படியே கூனிமேட்டுப் பக்கம் போய்க் கரை ஏறிவிட்டார்களாம். அண்ணன் நின்றார். ஓங்கல் உன் வலையில் செத்ததா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். எந்த இடம் என்று அவர்கள் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாராம், ஒன்பது பாகம், பனந்தோப்புக்கு நேராக என்று. கோயில் முன்னால் சொன்னதை வேறு மாதிரி சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சட்டத்துல கூடாதாம்," என்றார் அண்ணி. அழவில்லை. "ஓங்கலக் கொன்னா ஜெயிலாம். ஏன் சார், நீங்க எழுதின தாளுதான்னு சொல்றாங்களே, மெய்யா?"

"ஆமாம் அண்ணி. நல்லதுக்குன்னு…"

"அதுல எங்க வூட்டுக்காரு பேர மட்டும் அழிச்சுட முடியுமா சார்? நீங்க எழுதினதுதான?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை என்று சொல்வார்கள். குரங்கு என்றாலும் பரவாயில்லை, ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். இது என்ன ஜந்து என்று எனக்கே தெரியவில்லை. முடியாது அண்ணி என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார். சாப்பிட்டீர்களா என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

பதினோரு நாள் கழித்து ஜாமீனில் விட்டார்கள். அதற்குப் பிறகு வாய்தா. திண்டிவனம் கோர்ட்டுக்கு வருவார், வேப்பமரத்தடியில் உட்காருவார், சாயந்தரம் வேறு தேதி கொடுப்பார்கள். அந்த வனவிலங்குச் சட்டத்தில் இந்த ஜாதி ஓங்கல் வருகிறதா, இல்லையா என்பதையே வாதாடலாம் என்றார் வக்கீல். ஆனால் அதற்கு வருஷக்கணக்கு ஆகும். ஒன்று மட்டும் கறாராகச் சொன்னார். "கேஸ் முடியற வரைக்கும் இன்னொரு தரம் உன் வலையில விழுந்துச்சுன்னு எங்கயாவது பேச்சு வந்தா ஜாமீன் போயிடும். உள்ளதான். வாயே திறக்கக் கூடாது, புரியுதா?" அண்ணன் புரிந்தது என்றார்.

வாய்தா நாளில் நான் ஆபீசிலிருந்து நழுவிப் போய் அவரோடு மெஸ்ஸில் சாப்பிடுவேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. நாலு வார்த்தை கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். "நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க சார்," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, உங்க பேரை யாரும் கேக்கல. இடமும் ஆழமும் இருந்தா போதும். பேர் கட்டத்த நானாத்தான் போட்டேன்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்திருந்தார்.

"எதுக்கு சார்?"

"தாள் முழுசா இருக்கட்டும்னு."

இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். பாதிச் சோறு இலைக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பிறகு வாய்தாவுக்கு அவர் வருகிற நாளை என்னிடம் சொல்வதில்லை.

அடுத்த தை வந்தது. கட்டுமரங்கள் வந்தன, மீன் வந்தது, நான் எழுதினேன். கோயிலுக்கு எதிரே மணல் மணலாகவே கிடந்தது. ஒரு ஓங்கல்கூட வரவில்லை. என் அதிகாரிக்கு அதில் ஒரே சந்தோஷம். "பார்த்தியா, ஒரு ஆளைப் பிடிச்சாங்க, எல்லாம் சரியாயிடுச்சு," என்றார். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டேன்.

மாசியில் ஒரு நாள் ஊருக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில், ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. நாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வால் பக்கம் நைலான் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு கருங்கல். கடலடியில் கிடக்கட்டும் என்று கட்டிவிட்டது, கூடக் கட்டியிருந்த மற்ற கற்கள் நழுவிவிட, மிதந்து வந்திருக்கிறது. ஊரில் போய்ச் சொன்னேன். யாரும் எழுந்து வரவில்லை. மஞ்சள் தண்ணீர் இல்லை. மூன்று கேள்வி கேட்க ஆள் இல்லை. அது எந்த இடத்தில் செத்தது என்று ஒருவருக்கும் தெரியாததால், அந்த இடத்திலேயே மறுநாளும் வலை விட்டிருப்பார்கள். அதற்கு மறுநாளும் விட்டிருப்பார்கள். எத்தனை கல் கீழே போயிற்று என்று அம்மனுக்குத்தான் தெரியும்.

அந்த வாரமே அண்ணன் வலையை மணலில் விரித்துப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிசல். கேட்காமலே சொன்னார், "கல்லு கிழிச்சிடுச்சு." இரண்டு வருஷம் அந்தக் கரையில் நின்றவன் நான். பாறை எப்படிக் கிழிக்கும், ஓங்கல் எப்படிக் கிழிக்கும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் குனிந்த தலையை நிமிரவில்லை. சரி அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசிக் கடைசியில் ஊர்க்கூட்டம். போன வருஷம் நாட்டார் சொல்லி வைத்திருந்த பேச்சு அன்றைக்கு வர வேண்டும். நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை. என்னவோ, அந்த மனிதர் பக்கம் ஒரு ஆளாக நாமும் நிற்க வேண்டும் என்று தோன்றியது. ஊர் ஒத்துக்கொண்டால் என் பாவம் கொஞ்சம் குறையும் என்ற நப்பாசையும்தான். கோயில் பக்கத்தில் வழக்கமான ஓரத்தில் போய் நின்றேன். பிற்பகல் வெயில். எண்பது, நூறு தலைக்கட்டு உட்கார்ந்திருந்தார்கள். பலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பழகிய முகம் என்று பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் எழுந்தார். கேஸ், வாய்தா, ஜெயில் எதையும் பேசவில்லை. போன வருஷம் கேட்டதையே கேட்டார். தை, மாசி இரண்டு மாதமும் வஞ்சிர வலையை நிறுத்த வேண்டும். குரல் சின்னதாக வந்தது.

நாட்டார் நியாயமான மனிதர். சொன்ன சொல்லை மறக்கவில்லை. "போன வருசம் நாலு வுழுந்துச்சு. நாலு பேரும் சொன்னாங்க," என்றார். "இந்த வருசம் யார் வலையில வுழுந்துச்சு? சொல்லுங்கப்பா."

ஒருவர் மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் பீடியைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்திருந்தார். நாட்டார் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் அண்ணனிடம் நின்றார்.

"உன் வலையில வுழுந்துச்சா?"

அண்ணன் கோயிலைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை. என் கக்கத்தில் இருந்த நோட்டை.

"இல்ல," என்றார்.

"ஒருத்தன் வலையிலயும் வுழாததுக்கு வலைய எதுக்குப்பா நிறுத்தணும்?" என்றார் நாட்டார். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அடுத்து மண்டபத்துக்கு ஓடு மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கூட்டம் கலைவதற்கு முன்பே இளவட்டங்கள் எழுந்து வஞ்சிர வலையைக் கட்டுமரத்தில் ஏற்றப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் அங்கிருந்து நகர்ந்திருக்கலாம். ஐந்தே நிமிடம், சவுக்குத் தோப்பு வரை நடந்து போயிருந்தால் போதும், அவர் சொல்லியிருப்பார். அவர் சொல்லியிருந்தால் மற்றவர்களும் சொல்லியிருப்பார்கள். இது எனக்குத் தோன்றியபோது திண்டிவனம் பஸ் பெருமுக்கலைத் தாண்டிவிட்டது.